மடை யார் கையில, பேராண்டி?

ஏலே பேராண்டி, நீ அனுப்புன அட்டவணை வந்து சேந்துச்சு. ஐரோப்பாவுல எந்தெந்த அரசாங்கம் எந்தெந்த வளர்ச்சி வங்கி வச்சிருக்கு, அதுல சொத்து எம்புட்டு, ஆளு எம்புட்டுன்னு கலர் கலரா கட்டம் போட்டு அடுக்கிட்ட. கடைசிக் கட்டத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ரேங்க் வேற. ஜெர்மன்காரன் முதல் ரேங்க், பல்கேரியாக்காரன் கடைசி பெஞ்சு. முழுப்பரீட்சைக்குப் பேப்பர் திருத்துற வாத்தியார் தோத்தார் போ.

படிச்ச புள்ள போட்ட கணக்குல பட்டிக்காட்டுக் கிழவன் என்னத்தக் குறை சொல்ல? கூட்டுறவுக் கடன் சங்கத்துல பேரேடு எழுதியே கண்ணு மங்குனவன் நான். பிராங்க்பர்ட்டையா கண்டேன்? ஆனா அட்டவணை கூட ஒரு கத்தைக் காகிதமும் அனுப்புனியே, அதை வரிவிடாம படிச்சேன். நீ படிச்சியான்னுதான் எனக்குச் சந்தேகம். கட்டத்துக்குக் கலர் அடிக்கிறவனுக்குப் படிக்க எங்கலே நேரம்?

கண்மாய்க்கரையில ஏறி நின்னு "எம்மா, எம்புட்டுத் தண்ணி!"ன்னு வாயைப் பொளக்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் மூணே கேள்விதான் கேப்பான். வரத்துக்கால் எங்கிட்டு இருந்து வருது? மடை யார் கையில இருக்கு? கலுங்கு உடைஞ்சா யார் வயலு மூழ்கும்? அரசாங்க வங்கிக்கும் அதே மூணு கேள்விதான். பணம் யாரோடது, யார் சொல்லி வெளிய போகுது, வராக்கடன் யார் தலையில விடியும். நீ போட்ட பதினாலு கட்டத்துல இந்த மூணும் இல்ல. ஊழியர் எண்ணிக்கை இருக்கு. கட்டடத்துப் படமும் இருக்கு. பேஷ்.

முதல்ல வரத்தைப் பாப்போம்.

ஜெர்மனியில கே.எஃப்.டபிள்யூ.ன்னு ஒண்ணு. 1948ல ஆரம்பிச்சது. இடிஞ்ச நாட்டைத் திரும்பக் கட்டுறதுக்கான கடன் நிறுவனம்னு அதோட பேரே சொல்லுது. அமெரிக்காக்காரன் மார்ஷல் திட்டத்துல சரக்கு அனுப்புனான். அதை வாங்குன ஜெர்மன்காரன் கட்டுன மார்க்கை ஒரு நிதியாச் சேத்து, அதுல இருந்து கடன் குடுத்து, திரும்பி வந்ததை மறுபடி கடனாக் குடுத்தாங்க. தின்னு தீக்கலை பாத்துக்கிடு. அந்தத் திட்டத்துப் பேருல இன்னிக்கும் சிறு தொழிலுக்குக் கடன் ஓடுது. இப்ப மத்த பணத்துக்கு அவன் சனங்ககிட்ட டெபாசிட் வாங்குறதில்ல. உலகச் சந்தையில கடன் பத்திரம் விக்கான். மத்திய அரசு பின்னால நின்னு கேரண்டி போடுது. அதனால வட்டி கம்மி. பங்குல நூத்துக்கு 80 மத்திய அரசுக்கு, 20 மாநிலங்களுக்கு. லாபம் வந்தா பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுக்கிறது கெடயாது, உள்ளயே நிக்கும். நிதி மந்திரி பட்ஜெட் ஓட்டைய அடைக்கக் கை நீட்டுனா எடுத்துக்குடுக்க அங்கன ஈவுத்தொகைன்னு ஒண்ணே இல்ல.

பிரான்ஸ்காரன் கதை வேற. அவனோட "கேஸ் தெ தெப்போ" 1816ல பொறந்தது. நெப்போலியன் சண்டை சண்டைன்னு கஜானாவைத் தொடைச்சான். கடன் தீக்க வச்சிருந்த நிதியையும் விட்டு வைக்கலை. அவன் வாட்டர்லூவுல தோத்துப் போன பொறவு, அரசாங்கத்தை நம்பி ஒத்தக் காசு குடுக்க ஆளில்ல. சனங்க நம்பிக்கையத் திரும்ப வாங்கணும்னே பதினெட்டாம் லூயி காலத்துல இந்த நிறுவனத்தை உண்டாக்குனாங்க. இன்னிக்கு அதுக்குள்ள பாயுற வரத்துல பெரிய கால், சனங்க சேமிப்புப் புத்தகம். "லிவ்ரே ஆ"ன்னு பேரு. அஞ்சரைக் கோடிப் பேருக்கு மேல வச்சிருக்காங்க. வட்டிக்கு வரி கெடயாது. ஒரு ஆளு 22,950 யூரோ வரைக்கும் போடலாம். வட்டிய அரசாங்கம் நிர்ணயிக்கும். எந்த வங்கியில போட்டாலும் அதுல ஏறக்குறைய அறுபது சதவீதம் இந்த நிறுவனத்துக்கு வந்து சேரும். அதை வச்சு ஏழைபாழைக்கு வாடகை வீடு கட்ட நாப்பது வருசக் கடன், நிலம் வாங்க அதுக்கும் மேல. எந்தத் தனியார் வங்கிலே நாப்பது வருசத்துக்குக் கடன் குடுப்பான்? அவன் நாலு வருசத்துக்கே நாலு ஜாமீன் கேப்பான்.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு வட்டியோட கட்டிப் போட்டது. 2023ல சேமிப்புக்கு மூணு சதவீதம் குடுத்தான். 2025 பிப்ரவரியில 2.4 ஆச்சு, ஆகஸ்ட்ல 1.7 ஆச்சு. சேமிச்ச கிழவி முணங்குனா, வீடு கட்டுற வாரியம் சிரிச்சுது. உன் அட்டவணையில "மலிவான கடன்"னு ஒரு டிக் போட்டிருக்கியே, அந்த மலிவை யார் மடியில இருந்து எடுத்தான்னு எழுத இடம் விட்டியா?

இத்தாலிக்காரனுக்கும் தபால் ஆபீஸ்தான் வரத்து. "காசா தெப்போசித்தி"ங்கிறது 1850ல தூரின்ல ஆரம்பிச்சது. அப்ப இத்தாலின்னு ஒரு நாடே சேரலை, சார்தீனிய ராச்சியம்தான். நாட்டுக்கு மூத்த வங்கி! தபால் ஆபீஸ்ல போடுற சேமிப்பும் பத்திரமும் அரசாங்கக் கேரண்டியோட அங்கன போய்ச் சேரும். 2003ல அதைப் பங்குக் கம்பெனியா மாத்துனாங்க. இப்ப 80 சதவீதத்துக்கு மேல நிதி அமைச்சகம், மீதியில பெரும்பங்கு பழைய வங்கி அறக்கட்டளைகள். எதுக்கு இந்த வேசம்னு கேளு. இப்பிடிச் செஞ்சா அந்த நிறுவனத்தோட கடன், அரசாங்கக் கடன் கணக்குல ஏறாது. கடன் மூக்கு வரைக்கும் நிக்கிற நாட்டுக்கு அது லேசுப்பட்ட வசதியாலே? சொந்தக்காரன் அரசாங்கம், கணக்குக்கு மட்டும் வெளியாளு. கெட்டிக்காரன்தான்.

இப்பச் சொல்லு. ஒருத்தன் சந்தையில கடன் வாங்குதான். ரெண்டு பேரு பாட்டிமார் சுருக்குப்பையைக் கேட்டு வாங்குதாங்க. மூணையும் ஒரே கட்டத்துல "மொத்த நிதி"ன்னு போட்டுக் கூட்டிட்டியே, கூட்டல் மட்டும் சரியா வந்துச்சா? பிரான்ஸ் குழுமம் 2020ல அஞ்சல் நிறுவனத்தைத் தன் கணக்குல சேத்துச்சு. அஞ்சல் வங்கியும் ஆயுள் காப்பீடும் கூடவே வந்ததுல சொத்து ஒரேயடியா பருத்துப் போச்சு. அந்தப் பருமனால கூடுதலா ஒரு வீடு எழும்புச்சான்னு கேட்டா பதில் இல்ல. சொத்துக்கு மார்க் போடாதன்னு இதுக்குத்தான் சொல்லுதேன்.

அடுத்து மடை. இதுதான்லே உசுர்நாடி.

கே.எஃப்.டபிள்யூ.க்குத் தெருத்தெருவாக் கிளை கெடயாது. பட்டறைக்கு மிசின் வாங்கணும்னாலும் வீட்டுக்குக் குளிர் தாங்குற சுவரு போடணும்னாலும் உன் ஊர் வங்கியிலதான் எழுதிக் குடுக்கணும். அந்த வங்கி உன்னைத் தெரிஞ்சு, உன் கணக்கைத் தெரிஞ்சு, முழுசாவோ பாதியாவோ தன் தலையில பொறுப்பை ஏத்துக்கிட்டு, பெரிய வங்கிகிட்டப் பணம் வாங்கி உனக்குக் குடுக்கும். "எங்க கட்சிக்காரருக்கு ஒரு கடன் பாத்துக் குடுங்க"ன்னு மந்திரி போன் போட்டா, எந்தக் கிளை மேனேஜருக்குப் போடுவான்? கிளையே இல்லையே! மடையை ஊர் ஊராப் பிரிச்சு வச்சிட்டான். மத்த வங்கியோட போட்டி போடவும் கூடாது. ஐரோப்பிய ஆணையம் கண்ணை உருட்டுனதுல 2002ல ஒரு உடன்பாடு வந்துச்சு. ஏற்றுமதிக்கும் பெரிய திட்டங்களுக்கும் வணிக முறையில கடன் குடுக்கிற வேலையை 2008ல தனிக் கம்பெனியாப் பிரிச்சு விட்டான்.

அதுக்காக மேலிடத்துல மந்திரி இல்லன்னு நினைச்சிடாத. மேற்பார்வைக் குழுவுல 37 பேரு. நிதி மந்திரியும் பொருளாதார மந்திரியும் முறை வச்சு மாறி மாறித் தலைமை. சட்டத்துல ஒரு பின்வாசலும் உண்டு. நாட்டுக்கு அவசியம்னு அரசாங்கம் நினைச்சா "இதைச் செய்"னு கே.எஃப்.டபிள்யூ.க்கு உத்தரவு போடலாம். 2010ல கிரேக்கத்துக்கு முதல் தடவை கைகுடுத்தப்ப ஜெர்மனியோட பங்கு இந்த வாசல் வழியாத்தான் போச்சு. 2018ல 50ஹெர்ட்ஸ்ங்கிற மின்கம்பிக் கம்பெனியில சீனாக்காரன் பங்கு வாங்கிடக் கூடாதுன்னு 20 சதவீதத்தை இவன் வாங்குனான். 2020ல கியூர்வேக்ங்கிற தடுப்பூசிக் கம்பெனியில 30 கோடி யூரோ போட்டதும் இப்பிடித்தான். ஆனா இதெல்லாம் உத்தரவுன்னு தனியா எழுதி வச்ச கணக்கு. நட்டம் வந்தா வங்கியோடது இல்ல, மத்திய அரசோடது. அதாவது, "நீ சொல்லுத, நான் செய்யுதேன். எழுதிக் குடு. போனா உன் பணம்." பேராண்டி, இந்த ஒரு வரிக்குத்தான் நீ முதல் ரேங்க் குடுத்திருக்கணும். நீ என்னடான்னா கட்டடத்து உயரத்துக்குக் குடுத்திருக்க.

ஜெர்மன்காரன்னா தப்பே பண்ண மாட்டான்னு உனக்கு ஒரு பக்தி இருக்குல்லா, அதையும் கொஞ்சம் இறக்கி வச்சிடுதேன். 2008 செப்டம்பர் 15. லேமன் பிரதர்ஸ் திவால்னு உலகம் பூரா டி.வி.யில ஓடுது. அன்னிக்குத்தான் நம்ம முதல் ரேங்க்காரன், முன்கூட்டியே போட்ட ஒப்பந்தப்படி 30 கோடி யூரோவுக்கு மேல எடுத்து அதே லேமனுக்கு அனுப்பி வச்சான்! செத்தவன் கணக்குல மொய் எழுதுன மவராசன். ஜெர்மனியோட முட்டாள் வங்கின்னு அந்த ஊர்ப் பத்திரிகையே தலைப்பு போட்டுச்சு. அதுக்கு முந்துன வருசம்தான், இவன் பெரிய பங்குதாரரா இருந்த ஐ.கே.பி.ங்கிற வங்கி அமெரிக்க வீட்டுக்கடன் சூதாட்டத்துல கவுந்து, தூக்கி நிறுத்த கோடி கோடியா அழுதிருந்தான். மந்திரி கைய வச்சாத்தான் பணம் போகும்னு இல்ல பாத்துக்கிடு, கம்ப்யூட்டர் கைய வச்சாலும் போகும்.

அதே ஜெர்மனியில வெஸ்ட் எல்.பி.ன்னு இன்னொரு அரசாங்க வங்கி இருந்துச்சு. மாநிலமும் சேமிப்பு வங்கிகளும் சேந்து சொந்தக்காரங்க. மாநிலக் கேரண்டிய வச்சுக்கிட்டுச் சல்லிசா கடன் வாங்கி உலகம் சுத்தப் போச்சு. ஐரோப்பிய ஆணையம் சொன்னபடி 2005ல கேரண்டி நின்னுச்சு. அப்பறமும் அடங்கலை. 2012ல அதைக் கலைச்சுப் பிரிச்சுட்டாங்க. ரெண்டும் ஜெர்மன் ரத்தம்தான். ஒண்ணுக்கு எல்லை போட்டிருந்தான், இன்னொண்ணுக்குப் போடலை. உன் அட்டவணையில வெஸ்ட் எல்.பி.யைக் காணோம். செத்தவங்களை ரேங்க்ல சேக்கப்படாதோ?

பிரான்ஸ்ல மடை நாடாளுமன்றத்துப் பக்கம் இருக்கு. 1816லயே அப்பிடி வச்சிட்டாங்க, நெப்போலியன் குடுத்த சூடு அப்பிடி. தலைமை இயக்குநர் பதவி ஏத்துக்கிடும்போது, இந்தப் பணத்தை யாரும் தொட விடமாட்டேன்னு சத்தியம் பண்ணணும். மேல இருந்து பாக்கிற குழுவுல நாடாளுமன்ற ஆளுங்க உண்டு. ஆசைப்பட்டவன் இல்லாமலா இருப்பான்? 2023ல லிவ்ரே ஆ பணத்துல கொஞ்சத்தைப் பாதுகாப்புத் தளவாடத் தொழிலுக்குத் திருப்பலாம்னு பட்ஜெட் சட்டத்துக்குள்ள ஒரு பிரிவைச் சொருகுனாங்க. இது பட்ஜெட் சட்டத்துல வர வேண்டிய சமாச்சாரம் இல்லைன்னு அரசியல் சாசனக் கவுன்சில் தூக்கி எறிஞ்சிட்டு. இருநூறு வருசம் ஆனாலும் அந்தச் சுருக்குப்பை மேல கண்ணு போறது நிக்கலை.

சின்னத் தொழிலுக்கும் புதுத் தொழிலுக்கும் பிரான்ஸ்காரன் தனியா "பிபிஃபிரான்ஸ்"னு ஒண்ணு வச்சான். ஒல்லாந்த் அதிபர் தேர்தல்ல குடுத்த வாக்கு, 2012 டிசம்பர்ல சட்டம். ஏற்கெனவே சிதறிக் கிடந்த நிறுவனங்களை ஒண்ணாச் சேத்தது. பாதி அரசாங்கத்துக்கு, பாதி கேஸ் தெ தெப்போவுக்கு. இவன் ஜெர்மன்காரன் மாதிரி வங்கிக்குப் பின்னால நிக்கலை, வங்கி பக்கத்துல நின்னு கூடவே கடன் குடுக்கான், பங்கும் வாங்குதான். ஏறக்குறைய அம்பது ஊர்ல ஆபீஸு. பத்து முடிவுல ஒம்போது அந்தந்த வட்டாரத்துலயே எடுக்காங்களாம். பாரீசுக்குப் பைலு போய் வர்றதுக்குள்ள பட்டறை மூடிடும்னு தெரிஞ்சிருக்கு.

இத்தாலியில மடைக்கு முன்னால எப்பவும் கூட்டம். ஒரு பாலம் இடிஞ்சாலும் ஒரு கம்பெனி சாஞ்சாலும் "காசா எங்க?"ன்னுதான் சத்தம். 2018 ஆகஸ்ட்ல ஜெனோவாவுல மொராண்டி பாலம் இடிஞ்சு 43 பேர் செத்தாங்க. அந்த நெடுஞ்சாலைக் கம்பெனியை 2022ல தனியார்கிட்ட இருந்து வாங்கணும்னு வந்தப்ப காசாதான் முன்னால நின்னுச்சு. கூட பிளாக்ஸ்டோன், மெக்குவாரின்னு ரெண்டு முதலீட்டுக் கம்பெனியும். ஆனா அலிட்டாலியா விமானக் கம்பெனி வருசம் வருசம் நட்டத்துல உருண்டு "காப்பாத்து"ன்னு அரசியல்வாதிங்க காசாவோட கதவைத் தட்டுனப்போ கதவு திறக்கலை. நட்டத்துல ஓடுற கம்பெனியில பணம் போடக்கூடாதுன்னு அதோட விதியில இருக்கு. போட்டா அது தபால் ஆபீஸ்ல போட்ட பாட்டி பணம்லா? கூட்டாளியா இருந்த அறக்கட்டளைகளும் ஒத்துக்கலை. கடைசியில 2021ல புது விமானக் கம்பெனியை நிதி அமைச்சகமே தன் காசுல பறக்க விட்டுச்சு. வேணும்னா உன் பையில இருந்து எடுத்துச் செய். சரியான பதில்.

நெதர்லாந்துல ஒண்ணு இருக்கு, அதை நீ அடிக்குறிப்புல கூடச் சேக்கலை. சின்னதுன்னு விட்டுட்டியோ? 1953 பிப்ரவரி ஒண்ணாந் தேதி விடியுமுன்ன கடல் கரையை உடைச்சு வந்து அந்த நாட்டுல 1,836 பேரைக் கொண்டு போச்சு. அடுத்த வருசம், கரை காக்கிற நீர் வாரியங்கள் சேந்து தங்களுக்குன்னு ஒரு வங்கி வச்சுக்கிட்டாங்க. கரை கட்டணும், மராமத்து பாக்கணும், அதுக்குக் கடன். பொறவு மத்த பொதுவேலைக்கும் குடுக்க ஆரம்பிச்சது. கரைக்குக் கடன் வாங்குறவனும் வங்கிக்குப் பெரிய சொந்தக்காரனும் ஒரே ஆளு. அடுத்த வெள்ளத்துல முதல்ல மூழ்கப்போறதும் அவன்தான். இதுக்கு மேல என்னலே கண்காணிப்பு வேணும்?

சரி, மூணாவது. கலுங்கு உடைஞ்சா யார் வயலு?

2020ல கொரோனா வந்துச்சு. ஐரோப்பா பூரா கடை மூடிக் கிடக்கு. ஸ்பெயின்காரன் தன்னோட ஐ.சி.ஓ. மூலமா பத்தாயிரம் கோடி யூரோவுக்குக் கடன் கேரண்டி அறிவிச்சான், பொறவு இன்னும் நாலாயிரம் கோடி. ஆனா சின்னத் தொழிலுக்குக் கேரண்டி 80 சதவீதம்தான். மீதி இருபது, கடன் குடுக்கிற வங்கியோட சொந்தப் பொறுப்பு. இருபது நம்ம பணம்னா, கேக்கிறவன் முகத்தையாவது வங்கிக்காரன் நிமிந்து பாப்பான்லா?

இங்கிலாந்துக்காரன் தாராளப் பிரபு. "பவுன்ஸ் பேக்" கடன்னு 50,000 பவுண்டு வரைக்கும், நூத்துக்கு நூறு கேரண்டி. வருமானம் எம்புட்டுன்னு வாங்குறவன் சொன்னதுதான் கணக்கு. அந்தத் திட்டத்தை நடத்த வேண்டிய பிரிட்டிஷ் பிசினஸ் பேங்க்கோட தலைவர் கீத் மார்கன், திட்டம் தொடங்கும்போதே மந்திரிக்குக் கடுதாசி எழுதிட்டார். இதுல மோசடிக்கு இடம் இருக்கு, நீங்க எழுத்துல உத்தரவு குடுத்தாத்தான் செய்வோம்னு. மந்திரியும் குடுத்தார். 4,700 கோடி பவுண்டு போல கடன் போச்சு. எத்தனையோ நேர்மையான கடைக்காரன் பொழைச்சான். கூடவே எத்தனையோ போலிக் கம்பெனியும் பொழைச்சுது. 2022 சனவரியில அக்னியூ பிரபுன்னு ஒரு மந்திரி, இந்த மோசடியை அரசாங்கம் கண்டும் காணாம இருக்குன்னு பிரபுக்கள் சபையிலயே எந்திரிச்சுச் சொல்லி, பதவியை அங்கனயே வச்சிட்டு வெளிய நடந்தார். பிரிட்டிஷ் பேங்க்குக்கு நீ எட்டாவது ரேங்க் குடுத்திருக்க. அந்தக் கடுதாசிக்கு ஒரு ரெண்டு ரேங்காவது மேல ஏத்திவிடு.

போலந்துக்காரன் கணக்கு அதைவிட அழகு. அவனோட பி.ஜி.கே. 1924ல கிராப்ஸ்கி பிரதமரா இருந்தப்ப, ஸ்லோட்டி நாணயம் வந்த அதே வருசம் பொறந்தது. கிடினியா துறைமுகம் எழும்ப உதவுன வங்கி. நல்ல பரம்பரை. ஆனா 2020ல கொரோனா நிதி, 2022ல ராணுவத்துக்கு ஒரு நிதின்னு பி.ஜி.கே. பேருல வரிசையா நிதி தொடங்கி, பத்திரம் வித்துச் செலவழிச்சாங்க. பல்லாயிரம் கோடி ஸ்லோட்டி. அந்த நாட்டுச் சட்டப்படி போடுற பொதுக்கடன் கணக்குல இது ஏறாது, பட்ஜெட்டுல தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் போடுற கணக்குல மட்டும் அப்பிடியே நிக்கும். வீட்டுக்காரிக்குத் தெரியாது, ஊருக்கே தெரியும். அவங்க தலைமைத் தணிக்கை அலுவலகமே இதைக் கண்டிச்சு எழுதிட்டு.

பல்கேரியாவுல வளர்ச்சி வங்கியோட வேலை சிறு, நடுத்தரத் தொழிலுக்குக் கைகுடுக்கிறது. 2021ல இடைக்கால அரசாங்கத்துல பொருளாதார மந்திரியா வந்த கிரில் பெத்கோவ் ஏட்டைத் திறந்து காட்டுனார். எட்டே எட்டு கம்பெனிக்கு ஏறக்குறைய 50 கோடி யூரோ! எட்டும் சிறு தொழில்னா, பெருந்தொழிலை நான் பாத்ததே இல்ல போலிருக்கு. வங்கி நிர்வாகத்தை மாத்துனாங்க. இதுக்கு நீ கடைசி ரேங்க் குடுத்தது நியாயம்தான், ஆனா எதுக்குக் குடுத்த? "சொத்து குறைவு"ன்னு. அடேய், சொத்து கூட இருந்திருந்தா எட்டு பதினாறா ஆகியிருக்கும்லே!

இன்னொரு ரகம் இருக்கு. தொடங்கு, வில்லு, திரும்பத் தொடங்கு. இதுல இங்கிலாந்தை அடிச்சுக்க ஆளில்ல. 2012ல எடின்பரோவுல பசுமை முதலீட்டு வங்கி ஆரம்பிச்சான், காத்தாலைக்கும் குப்பையில மின்சாரம் எடுக்கிறதுக்கும். நல்லாத்தான் நடந்துச்சு. 2017ல 230 கோடி பவுண்டுக்கு மெக்குவாரிக்கு வித்தான். இத்தாலி நெடுஞ்சாலையில பாத்தோமே, அதே ஆஸ்திரேலியாக்காரன்தான். எந்த ஊர்ல அரசாங்கம் கையை விரிச்சாலும் அங்கன முன்கூட்டியே வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்கான் புண்ணியவான். வித்து நாலு வருசம் ஆகலை, 2021ல லீட்ஸ்ல உள்கட்டமைப்பு வங்கின்னு ஒண்ணு. 2024ல அதுக்குத் தேசியச் செல்வ நிதின்னு பேரு மாத்தம். போர்டு எழுதுறவன் குடும்பம் நல்லா இருக்கும். அயர்லாந்துக்காரனும் தன்னோட தொழில் கடன் வங்கியை 2001ல வித்தான். 2008 நெருக்கடியில தனியார் வங்கி கதவைச் சாத்துனதும் முழிச்சான். 2014ல புதுசா ஒண்ணு தொடங்குனப்போ ஆரம்பப் பணத்துல ஒரு பங்கு எங்கருந்து வந்துச்சு தெரியுமா? நம்ம கே.எஃப்.டபிள்யூ.கிட்ட இருந்து.

அந்த ஜெர்மன்காரன் கை நம்ம வரைக்கும் நீளும். சென்னையில ஓடுற புதுத் தாழ்தளப் பேருந்துக்கும் அவன் கடன் உண்டு. அதுல ஏறி உக்காந்துக்கிட்டேதான் இந்த அட்டவணையைப் போட்டியோ என்னமோ.

நாளைக்கே ஐரோப்பாவுல ஒரு புது மந்திரி உன்னைக் கூப்புட்டு, "எங்களுக்கும் ஒரு வளர்ச்சி வங்கி வச்சுக் குடு"ன்னா, பிழைக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா என்ன செய்யணும்னு தாத்தா சொல்லித் தாரேன், குறிச்சுக்கோ.

ஒண்ணு, வேலையைத் தெளிவா எழுதாத. "வளர்ச்சி, புதுமை, பசுமை, எதிர்காலம்"னு நாலு வார்த்தை போதும். அப்பத்தான் எவன் வந்து கேட்டாலும் குடுக்கலாம்.

ரெண்டு, தலைநகரத்துல பெரிய கண்ணாடிக் கட்டடம் கட்டு. சின்ன ஊர்ல ஆபீஸ் போட்டா கடன் கேக்கிறவனை முகம் பாத்துப் பேச வேண்டி வரும்.

மூணு, கேரண்டி நூத்துக்கு நூறு குடு. ஒரு இருபதை வங்கி தலையில கட்டுனா அவன் விசாரிக்க ஆரம்பிச்சிடுவான், வேலை தாமதமாகும்.

நாலு, மந்திரி உத்தரவை எழுத்துல வாங்காத. போன் போதும். எழுதி வச்சா பின்னால வர்றவன் படிச்சுத் தொலைப்பான்.

அஞ்சு, லாபம் வந்தா வித்துடு. நட்டம் வந்தா பேரை மாத்து.

இப்பிடி நடத்துனா நாலு வருசம் ராசா மாதிரி இருக்கலாம். அஞ்சாவது வருசம் விசாரணைக் கமிசன் முன்னால நிக்கலாம்.

"அப்ப அரசாங்கத்துக்கு வங்கியே வேண்டாங்கியா தாத்தா?"ன்னு நீ கேப்ப. எப்பலே சொன்னேன் வேண்டாம்னு? நாப்பது வருசம் பொறுத்து வாங்குற கடனை எவன் குடுப்பான்? ஊர் மொத்தமும் கதவடைச்ச 2020ல எவன் கதவைத் திறந்து வச்சான்? கடன் திரும்பி வரும், ஆனா மெதுவா வரும்ங்கிற வேலை உலகத்துல நிறைய இருக்கு. அதுக்கு அவசரக்காரன் பணம் ஆகாது. அரசாங்க வங்கி அதுக்குத்தான். தனியார்காரன் செய்யுற வேலையை அவனைவிட மலிவாச் செய்யுறதுக்கு இல்ல, மந்திரி தொகுதியில ரிப்பன் வெட்டுறதுக்கும் இல்ல. இதுல நல்லா நடக்கிறதெல்லாம் எதுன்னு பாரு. எதைச் செய்யக்கூடாதுன்னு சட்டத்துல எழுதி வச்சது. டெபாசிட் வாங்காத, போட்டி போடாத, நட்டக் கம்பெனியில போடாத, சேமிப்பைத் தொட விடாத. கையைக் கட்டி வச்ச வங்கிதான் காலம் தள்ளியிருக்கு. கையை அவுத்து விட்டதுல ஒண்ணு செத்து உன் அட்டவணைக்கு வெளிய கிடக்கு, இன்னொண்ணு கடைசி பெஞ்சுல கிடக்கு.

அதனால கலரை அழி, பேராண்டி. சொத்து மதிப்பு, ஊழியர் எண்ணிக்கை, கட்டடத்துப் படம் மூணையும் தூக்கு. அந்த இடத்துல மூணு கட்டம் போடு. பணம் யாரோடது? மந்திரி தப்பாக் கேட்டப்ப எழுத்துல மறுத்த கடுதாசி ஒண்ணாவது உண்டா? கடன் வராம போனா முதல்ல வலிக்கிறது யாருக்கு? இந்த மூணுக்கும் ஒரு வரியில பதில் எழுத முடிஞ்ச வங்கிக்கு ரேங்க் குடு. எழுத முடியாததுக்கு லட்சம் கோடி சொத்து இருந்தாலும் பெயில்னு போடு. வாத்தியாரா ஆகணும்னு ஆசைப்பட்டுட்ட, மார்க்கை ஒழுங்காப் போடு.